காற்றும் தண்ணீரும் படித்தால் சம்பளம் வருமா? பாடாங் செராய் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. "காத்தும் தண்ணியும் எப்படி ஓடுதுன்னு படிச்சா எவன் சம்பளம் கொடுப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பை முடிக்கப்போகும் மகள், மலேசிய அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தில் பார்மசியைக் கீழே தள்ளி இயந்திரப் பொறியியலை மேலே போட்டுவிட்டாள். சூடும் குளிரும் ஓட்டத்தை எப்படிக் குலைக்கின்றன என்பதுதான் தனக்குப் பிடித்த பாடம் என்கிறாள். உங்கள் பயம் நியாயம்தான். ஆனாலும் அவள் பிடித்திருப்பது புளியங்கொம்பு என்றே சொல்வேன்.

குழாயில் ஓடும் தண்ணீரானாலும் விமான இறக்கைமேல் ஓடும் காற்றானாலும், பெரும்பாலும் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் தடுமாற்றம் தொடங்கும். அந்தச் சுவரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? தாளிக்க ஊற்றிய எண்ணெய் சூடேறியதும் இளகிச் சட்டியெல்லாம் ஓடுமே, தண்ணீரும் அப்படித்தான். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அதன் பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் பிடித்துவைக்கும் கெட்டித்தன்மை, பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சுவரோரத் தண்ணீர் இளகி வேகமெடுப்பதால் சின்னச் சின்ன அலைகள் வளராமல் அடங்கும், ஓட்டம் சீராக நீடிக்கும். காற்றுக்கு நேர் எதிர். சூடேற ஏற அதன் பாகுநிலை கூடும். அதனால் சூடான இறக்கைமேல் காற்று சீக்கிரம் குலையும், குளிர்ந்த இறக்கைமேல் அடங்கி ஓடும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகம் என்று போனால் வேறொரு வகை அலை தலைதூக்கும். அமெரிக்க ஆய்வாளர் லெஸ்லி மேக் கணக்குப் போட்டுக் காட்டிய அலை அது. குளிர்ச்சி அதை அடக்காது, கிளப்பிவிடும். உங்கள் மகள் சொக்கிப்போனது இந்த முரணில்தான் இருக்கவேண்டும். எனக்கே அது சுவாரசியம்தான்.

சூடு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதும் முக்கியம். விடியற்காலையில் தோட்டத்தில் சருகு எரித்த புகை ஆள் உயரத்திலேயே படுத்துக் கிடக்கும். இரவெல்லாம் தரை குளிர்ந்து கனத்த காற்று கீழேயே தங்கிவிடுவதுதான் காரணம். பத்து மணி வெயிலில் தரை சுட்டதும் அதே புகை கலைந்து மேலே போய்விடும்.

இனி சம்பளத்துக்கு வருவோம். 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. கணினிச் சில்லு செய்யும் தொழிலில், சூடேறிய வேஃபர் என்னும் சிலிக்கான் தகட்டின்மேல் வாயுவை ஓடவிட்டு மெல்லிய படலம் படியவைக்கும் கட்டம் ஒன்று உண்டு. கீழே சூடு, மேலே குளிர்ந்த வாயு. வாயு தாறுமாறாகச் சுழன்றால் படலம் ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மெலியும். அந்த வேஃபர் குப்பைக்குத்தான். அதைச் சரிசெய்ய உட்காரும் பொறியாளருக்குக் கைகொடுப்பது இதே பாடம். செம்பனை ஆலை பாய்லர், ஏர்கோன், ஜொகூரில் எழும்பும் டேட்டா சென்டர்களின் குளிரூட்டல், எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு உண்டு.

ஆனால் இந்தத் தலைப்பையே பட்டமாகத் தேட வேண்டாம். முதலில் நாலு வருட இயந்திரப் பொறியியல், இறுதியாண்டு புரோஜெக்டுக்கு இந்தத் தலைப்பு. நிபோங் திபாலில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகும் தூரம். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் படிப்புக்கு இஏசி என்னும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பிறகு பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய அதுதான் வழி. 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தால் அது வேறு பாதை. மோசமில்லை, தெரிந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் துறை முழுக்க வகைக்கெழுச் சமன்பாடுகள், அதாவது மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிடும் கணிதம். மெட்ரிகுலேஷன் கணிதத்தில் அவள் ஏ எடுக்கிறாளா, அல்லது டியூஷன் பிடித்து நிற்கிறாளா? இரண்டாவது என்றால் என் பதில் மாறும். முதலாவது என்றால் யுபியு மூடுவதற்குள் வரிசையை இப்படி வையுங்கள்: இயந்திரப் பொறியியல், அடுத்து வேதிப் பொறியியல், மூன்றாவது பார்மசி. உங்கள் மன நிம்மதிக்காகவாவது பார்மசியை அவள் அழித்துவிட விடாதீர்கள்.