ஒரு வாரம் முழு பேன்ட்

கேள்வி: எனக்கு வயது 43. எடை கூடிவிட்டது என்று மருத்துவர் எச்சரித்ததால் ஆறு மாதமாக விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். வழியில் ஒரு திருப்பத்தில் நாலைந்து தெருநாய்கள். என்னைக் கண்டாலே குரைத்துக்கொண்டு துரத்துகின்றன. வேகமாக மிதித்துத் தப்பிக்கிறேன். சில நாள் காலால் உதைத்தும் பார்த்தேன். போன மாதம் இருட்டில் ஏதோ ஒன்றின் பல் கெண்டைக்காலில் லேசாகப் பட்டது. ரத்தம்கூட சரியாக வரவில்லை, கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். மனைவிக்குத் தெரிந்தால் சைக்கிளைப் பூட்டிவிடுவாள் என்பதால் ஒரு வாரம் வீட்டிலும் முழு பேன்ட்டிலேயே இருந்தேன். இப்போது 11 வயது மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிறேன் என்கிறான். பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா, தடி வைத்துக்கொள்ளலாமா? இந்த நாய்களை எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஸ்பிரேயும் தடியும் கிடக்கட்டும். அந்த முழு பேன்ட்டைப் பற்றி முதலில் பேசுவோம்.

"ரத்தம்கூட சரியாக வரவில்லை." அப்படியென்றால் கொஞ்சம் வந்திருக்கிறது. துடைக்கக் கைக்குட்டை வேண்டியிருந்திருக்கிறது. ஒரு வாரம் மூடி மறைக்கிற அளவுக்குக் காயமும் இருந்திருக்கிறது. முன்பின் தெரியாத எனக்கு எழுதும்போதே இவ்வளவு சுருக்குகிறீர்கள். உங்களுக்கு நீங்களே எவ்வளவு சுருக்கிச் சொல்லிக்கொண்டீர்களோ.

நாய்க்கடியால் வரும் ரேபிஸ் என்ற வெறிநோய் விஷயத்தில், மருத்துவர்களின் கணக்கில் "லேசாகப் பட்டது" என்று ஒரு வகை கிடையாது. ரத்தமே வராத கீறல் என்றாலும் இரண்டாம் வகை. உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும். பல் தோலைத் துளைத்துவிட்டால், ஒரே ஒரு சொட்டு வந்தாலும், மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தில் போட வேண்டும். இரண்டுக்கும் முன்னால், பட்ட இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். நீங்கள் கைக்குட்டையை எடுத்தீர்கள்.

ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில்தான் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரேபிஸ் கிருமிக்கு அவசரமே கிடையாது. கடித்த இடத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன்னால் முறையாக ஊசி போட்டுக்கொண்டவர்கள் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இப்போது நீங்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். காலம் கடந்துவிட்டது, இனி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்குப் போனாலும் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான், சில தவணைகளாக.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்து, அது நன்றாக இருந்தால் பயமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது "ஏதோ ஒன்றின் பல்". எந்த நாய் என்றே தெரியாதபோது எதைக் கவனிப்பது? நாலைந்தும் இன்றைக்கு அங்கே இருக்கின்றனவா, ஒன்று குறைகிறதா, அதாவது தெரியுமா?

இனி வீட்டுக்கு வருவோம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் "வீட்டில் சொல்லவில்லை" என்ற வரியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கடன் வாங்கியவர் எழுதுவார், நெஞ்சு வலியைப் பொறுத்துக்கொண்டவர் எழுதுவார். எல்லோரும் காரணமாகச் சொல்வது ஒன்றைத்தான்: அவள் பயந்துவிடுவாள். நீங்கள் மட்டும்தான் சைக்கிளைப் பூட்டிவிடுவாள் என்று உள்ளதைச் சொன்னீர்கள். அந்த அளவில் உங்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் காய்ச்சல் வந்து, தண்ணீர் விழுங்க முடியாமல், பேச்சு குழறும் நிலையில் உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மருத்துவர் உங்கள் மனைவியிடம் கேட்பார்: "இவரை எப்போதாவது நாய் கடித்ததா?" அவர் உறுதியாகச் சொல்வார்: "இல்லையே டாக்டர்." அந்தப் பதிலைத்தான் ஒரு வாரம் பேன்ட் போட்டு அவர் வாயில் வைத்திருக்கிறீர்கள்.

கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்த பிறகு உங்கள் கால் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இது பழைய காலத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அவர் சைக்கிளைப் பூட்டினால் பூட்டட்டும். சாவிக்காகச் சண்டை போடுங்கள், ஒரு வாரம் பேசாமல் இருங்கள், சமாதானம் ஆகுங்கள். குடும்பம் அதற்கெல்லாம் தாங்கும்.

1885 ஜூலையில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தன் ரேபிஸ் தடுப்பு மருந்தை ஒரு மருத்துவரைக் கொண்டு போடவைத்தது ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. பல இடங்களில் கடிபட்டவனை அல்சாஸிலிருந்து பாரீஸ் வரைக்கும் அழைத்துப் போனது அவன் அம்மா. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அழைத்துப் போனாள், பிழைத்தான். அவனும் முழுக்கால் சட்டை போட்டு மறைத்திருந்தால்?

சரி, நாய்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. சைக்கிள் பரவிய காலத்திலேயே பிரான்ஸில், துரத்தும் நாய்களைச் சுடுவதற்கென்றே "வெலோ-டாக்" என்று சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி செய்து விற்றிருக்கிறார்கள். உங்கள் பெப்பர் ஸ்பிரே அதற்குப் பேரன். ஓடும் சைக்கிளிலிருந்து அடித்தால் எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே திரும்பும். தடி வேண்டாம், உதையும் வேண்டாம். ஒரு கால் பெடலை விட்டதும் வண்டி சாயும், முன்சக்கரத்தில் நாய் விழுந்தால் நீங்களும் அதன் பக்கத்தில்தான் விழுவீர்கள். வேகமாக மிதிப்பது எல்லாவற்றிலும் மோசம். நாய் உங்களைவிட வேகமாக ஓடும். போதாததற்கு, தினமும் அது குரைக்கிறது, நீங்கள் ஓடுகிறீர்கள். அதன் கணக்கில் தினமும் அதற்கு வெற்றி. ஆறு மாதமாக அதற்குப் பயிற்சி கொடுத்திருப்பதே நீங்கள்தான்.

திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். பாய்ந்து வந்தால் நிறுத்தி இறங்குங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குள் முறைக்காமல், தணிந்த அழுத்தமான குரலில் "போ" என்று சொல்லி நடங்கள். சக்கரம் நின்றதும் பாதி நாய்களுக்கு சுவாரசியம் போய்விடும். விடாத நாயின் முகத்தில் தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சினால் சில நொடி கிடைக்கும். அதன் எல்லை முடிகிற இடம் உங்களுக்கே தெரியும், அதுவரை நடங்கள். குட்டி போட்ட நாய் இருந்தால் அந்த வழியே போகாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பொறுப்பான உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலியே அறுந்துவிடும். கல்லெறிந்து அதைச் சாதிக்க முடியாது.

மகனை இப்போது அந்த வழியில் அழைத்துப் போகாதீர்கள். பிள்ளைகளின் முகமும் கழுத்தும் நாய்க்கு எட்டுகிற உயரம். அங்கே கடிபட்டால் மூளைக்குத் தூரமும் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. விளையாட்டுக்குத் தடை விழும் என்று பயந்து கடியை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. உங்கள் பையன் அப்படிச் செய்தால் யாரிடமிருந்து கற்றுக்கொண்டான் என்று தேட வேண்டியதில்லை. அப்பா ஏன் வீட்டில் பேன்ட் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று 11 வயதுப் பிள்ளை கவனிக்காமலா இருந்திருப்பான்?

இன்றைக்கு இதைப் படித்து முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காலைக் காட்டுங்கள். இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போங்கள். கடிபட்ட தேதியைக் குறைக்காமல் கூட்டாமல் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் எத்தனையாவது தவணை ஊசி முடிந்தது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.