எழும்பவே மனமில்லை, நான் சோம்பேறியா டொக்டர்?

கேள்வி: எனக்கு 28 வயது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் ஹட்டன் டவுனுக்குப் போய் துணிக்கடையில் வேலை செய்கிறேன். காலையில் எழும்பவே மனம் வருவதில்லை, பத்து மணிக்கே உடம்பு தளர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் போனோடு படுத்துவிடுகிறேன். தையல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று மூன்று மாதமாக நினைக்கிறேன், இன்னும் போகவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடித்தும் தெம்பு இல்லை. அம்மா சோம்பேறி என்று ஏசுகிறார்.

பதில்: இது சோம்பேறித்தனமா இல்லையா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். உங்கள் வயதுப் பெண் களைப்பு என்று வந்தால் நான் முதலில் கீழ் இமையை இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்பேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். தைரொய்ட் குறைவாகச் சுரந்தாலும் இதே அசதிதான். ஆகவே பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி இந்த மூன்றையும் பற்றிக் கேளுங்கள்.

இனி தேத்தண்ணி. தேயிலையை நம்பி வாழ்கிற ஊரில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் நாளுக்கு மூன்று குடிப்பவள்தான். ஆனால் நம் வீடுகளில் ரொட்டி தொண்டையில் இறங்கும் முன்பே கோப்பை கையில் இருக்கும். சாயத் தேத்தண்ணி நாக்கில் துவர்ப்பாகப் பிடிக்கிறதே, அந்தப் பொருள்தான் கீரையிலும் பருப்பிலும் கவ்பியிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம், அவ்வளவுதான். முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்துகொண்டால், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடித்தால், அதே இரும்பு கூடுதலாகச் சேரும். கொஞ்சம் நெத்தலிக் கருவாடு இருந்தால் இன்னும் நல்லது. டொக்டர் இரும்பு மாத்திரை தந்தால் அதையும் தேத்தண்ணியோடு விழுங்கிவிடாதீர்கள், அப்படி விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் ஏராளம்.

சீனிக் கணக்கையும் பார்ப்போம். ஆறு கோப்பைக்கு இரண்டு கரண்டிப்படி போட்டால் 12 கரண்டி, கிட்டத்தட்ட 48 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் வெறும் வயிற்றில் சாயத் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறுகிறீர்கள் என்றால், பத்து மணித் தளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு அவித்த முட்டையோ, ராத்திரியே அவித்துவைத்த ஒரு கை கடலையோ போதும். கடைசித் தேத்தண்ணி பின்னேரம் நாலு மணியோடு முடியட்டும், அதிலுள்ள கஃபீனில் பாதி அளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டுமே என்றால் கொத்தமல்லித் தண்ணி இருக்கிறது.

லயத்து அறையில் சின்ன ஜன்னல், அதையும் குளிருக்குப் பயந்து சாத்திவைத்திருப்போம், ஏழு மணியானாலும் உள்ளே விடிந்திருக்காது. மூளைக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று சொல்வது வெளிச்சம்தான். பனி மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு. எழும்பியதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள், தண்ணி விழும் பீலியடிக்குப் போய் முகம் கழுவி வந்தாலும் சரி. ஜிம்முக்குப் போகச் சொல்ல மாட்டேன், நம் ஊர் ஏற்றமே போதும். ஒரு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் மூச்சு வாங்கும். ஆனால் இரத்தசோகை என்று தெரிந்தால், அது தேறும்வரை மெதுவாக நடங்கள். இரவில் போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜில் போடுங்கள், ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

தையல் வகுப்பு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். மனம் வரட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தால் நாலாவது மாதமும் போய்விடும். கைவேலை தொடங்கினால்தான் மனம் பின்னாலேயே வரும். இன்று ஒரு பழைய சட்டையின் கழன்ற பொத்தானை மட்டும் தையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை வகுப்பு நடக்கும் இடத்துக்குப் போய் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஒருவேளை இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, பிடித்த சாப்பாடுகூட ருசிக்கவில்லை, அழுகை வருகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது வேறு விஷயம், கீரையும் நடையும் அதற்குப் போதாது. ஆஸ்பத்திரியில் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று இலக்கங்களையும் எழுதி அனுப்புங்கள், மாத்திரை தேவையா என்று பார்ப்போம்.