பழைய ஹாலிவுட் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த குணச்சித்திர நடிகர் யார்?

தாமஸ் மிட்செல். யோசிக்கவே வேண்டியதில்லை.

1939இல் மட்டும் அவர் நடித்த ஐந்து பெரிய படங்கள் வெளிவந்தன. ‘கான் வித் த விண்ட்’டில் ஸ்கார்லெட்டின் அப்பா, ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’னில் பத்திரிகை நிருபர், ‘ஹஞ்ச்பேக் ஆஃப் நாட்ர டாம்’மில் பிச்சைக்காரர்களின் தலைவன். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் மூன்றுமே ஒரே ஆள் என்று எனக்கு உறைக்கவில்லை. பெயரைத் தேடிப் பார்த்தது ‘ஸ்டேஜ்கோச்’ பார்த்த அன்றைக்குத்தான்.

அதில் அவர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடிகார டாக்டர். கூட வரும் விஸ்கி வியாபாரியின் மாதிரிப் பாட்டில்களை வழியெல்லாம் காலி செய்துகொண்டே வருவார். வண்டியில் வந்த கர்ப்பிணிக்குத் திடீரென்று வலி எடுத்துவிடும். அங்கே இருக்கும் ஒரே டாக்டர் இவர்தான். போதை தெளிய வேண்டும் என்று கறுப்புக் காபியைக் கோப்பை கோப்பையாகக் குடிப்பார். அதுவரை சிரிக்க வைத்த அதே முகத்தில் அவமானமும் பயமும் அப்படியே தெரியும். துணை நடிகருக்கான ஆஸ்கார் இந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது.

ஐந்தாவது படம் ‘ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்’. கண்பார்வை மங்கிக்கொண்டே வரும் விமானி. கழுத்து முறிந்து கிடக்கும்போது, தான் சாவதைப் பார்க்க வேண்டாம் என்று உயிர் நண்பன் கேரி கிராண்டை வெளியே போகச் சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார். அழுகை நமக்குத்தான் வரும்.

அப்புறம் 1946இல் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’. மறதிக்காக விரலில் நூல் கட்டிக்கொள்ளும் பில்லி மாமா. வங்கியில் கட்ட வேண்டிய 8,000 டாலரைத் தொலைத்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து அழும்போது அவர் வளர்க்கும் அணில் கைமேல் ஏறி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இத்தனைக்குப் பிறகு 1952இல் ‘ஹை நூன்’. சர்ச்சில் மேயராக எழுந்து பேசுவார். உதவி கேட்டு வந்த மார்ஷலை, அதாவது ஊர்க் காவல் அதிகாரியை, புகழ்ந்து ஆரம்பிப்பதால் உதவிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். அதே கனிவான குரலில், ஊரை விட்டுப் போய்விடு என்று முடிப்பார். அந்தக் கனிவை நம்பித்தான் நானும் ஏமாந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு படத்தில் மட்டும்தான்.