புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும் போதும்
(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது, பள்ளியில் தமிழ் கிடையாது. வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லித்தரலாம் என்று 247 எழுத்துக்கும் அட்டை வெட்டினேன். மூன்றே நாளில் அவளுக்குச் சலித்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
- ஒரு வாசகி

பதில்: அட்டையில் தப்பில்லை. ஆனால் 247 அட்டையை ஒன்றாகக் கொட்டினால் பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும், அதோடு அட்டையைக் காட்டி "இது என்ன எழுத்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது விளையாட்டில்லை, பரீட்சைதான்.

முதலில் ப, ட, ம, க, ல ஐந்தையும் இரண்டிரண்டு அட்டையாக எழுதுங்கள். துணைக்கால் மட்டும் தனி அட்டையாக நான்கு. புள்ளிக்கு அட்டையே வேண்டாம், எழுத்தின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அதுதான் புள்ளி. இவ்வளவை வைத்தே படம், பாடம், பட்டம், பால், கால், கல், கடல், பாலம் எல்லாம் வந்துவிடும். மாற்றி மாற்றி ஒரு சொல் அமைக்க வேண்டும், எத்தனை எழுத்தோ அத்தனை புளியங்கொட்டை பரிசு. நீங்களும் உட்கார்ந்து ஆடுங்கள், இது ரொம்ப முக்கியம்.

அடுத்த வாரம் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் சேருங்கள். கொ எப்படி எழுதுவது என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். கெ, கா இரண்டையும் அடுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை, ஒருநாள் இரண்டையும் ஒரே க-வுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "அம்மா, இது என்ன?" என்று கேட்கும், அப்போது சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் உகர, ஊகார வரிசைகளுக்கு இந்த வித்தை நடக்காது. கு, சு, து ஒவ்வொன்றும் ஒரு வடிவம், கூ ஒரு மாதிரி, தூ இன்னொரு மாதிரி. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் 36 அட்டை தனியாக எழுதித்தான் ஆக வேண்டும், அவசரமில்லாமல் கடைசியில் எழுதுங்கள்.

நூறு அட்டை ஆனதும் புதையல் வேட்டை வையுங்கள். ஒரு சீட்டில் "கட்டில்" என்று இருக்கும், கட்டிலுக்கு அடியில் "அலமாரி" என்று இன்னொரு சீட்டு, அலமாரியில் கடலை மிட்டாய். வாசித்தால்தான் மிட்டாய்! எந்த விளையாட்டைச் செய்தாலும் நான் பார்ப்பது இதைத்தான். கற்க வேண்டிய விஷயம் ஆட்டத்தை நகர்த்துகிறதா, இல்லை ஆட்டத்தின் மேல் ஒட்டவைத்திருக்கிறோமா?

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பையன். கூட்டல் வருகிறது, கழித்தலில் "கடன் வாங்குவது" வந்தாலே அழுகிறான். வீட்டில் ஏதாவது செய்து கொடுக்கலாமா?
- மதுரையிலிருந்து ஒரு அம்மா

பதில்: தாராளமாக. தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு உடைத்து நூறு குச்சி எடுங்கள், நுனி குத்தாமல் தரையில் தேய்த்துவிடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் பத்துக் கட்டு. அவனுக்கு ஐந்து, உங்களுக்கு ஐந்து. இரண்டு தாயக்கட்டையோ லூடோ பகடையோ உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சியை நடுவில் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். யார் கை முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார்.

முதல் உருட்டலிலேயே பிரச்சினை வந்துவிடும், அதற்குத்தான் இந்த ஆட்டமே. ஏழு போட வேண்டும், கையில் உதிரிக்குச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாம் கட்டாக இருக்கிறது. அப்போது அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். அவ்வளவுதான், கடன் வாங்குவது என்று வகுப்பில் சொல்கிறார்களே, அது இதுதான்! உண்மையில் யாரிடமும் கடன் வாங்கவில்லை, தன்னிடம் இருக்கிற பத்தைத்தான் உடைக்கிறான். அந்தச் சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறது என்று எனக்குத் தோன்றும். லூடோ பகடை இரண்டை உருட்டினால் சராசரியாக ஏழு விழும், ஏழெட்டு உருட்டில் ஆட்டம் முடிந்துவிடும். சமையலுக்கு நடுவில்கூட ஒரு ஆட்டம் போடலாம்.

ஒரு வாரம் நோட்டையே எடுக்காதீர்கள். அப்புறம் ஒருநாள் "இப்போ 42 இருக்கு, 17 போடணும், எழுதிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகே எண்ணாக எழுதுவது என்பது பழைய வழிதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே மரியா மாண்டிசோரி, அவருடைய முறையிலும் பத்து மணிகளைக் கம்பியில் கோத்து "இது ஒரு பத்து" என்று பிள்ளையின் கையில்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள், ஆறு வயதும் இரண்டு வயதும். பல்லாங்குழி சொல்லித்தர ஆசை. பலகை இல்லை, பழைய குன்றிமணி ஒரு டப்பா இருக்கிறது.
- திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி

பதில்: பாட்டி, அந்தக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். கறுப்பு மூக்கு வைத்த அந்தச் சிவப்பு விதை கடும் விஷம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் சின்னவன் தூங்கும்போது மட்டும் வெளியே எடுங்கள், தொண்டையில் சிக்கும். டிஷ்யூ பேப்பர் சுருளின் நடுவில் அட்டைக்குழாய் இருக்குமே, அதற்குள் நுழைகிற எதையுமே மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் வைக்கக் கூடாது.

பலகைக்கு முட்டைக்கடையில் முப்பது முட்டைத் தட்டு ஒன்று கேளுங்கள். ஆறு குழி வரிசை இரண்டை வெட்டி, மிச்சத்திலிருந்து ஆளுக்கு ஒரு குழி சேர்த்து ஒட்டினால் பதினான்கு. குழிக்கு ஐந்து காய் போடும்போதே பெரியவள் ஐந்தாம் வாய்ப்பாடு சொல்லிவிடுவாள். நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வதையெல்லாம் உங்கள் ஊர் வழக்கப்படியே சொல்லிக்கொடுங்கள். நாலு நாள் ஆடினால் கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று காயை எடுக்கும் முன்பே கண்ணால் எண்ணத் தொடங்குவாள். அந்த நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: தோற்றால் பலகையையே கவிழ்த்துவிடுகிறான். விட்டுக்கொடுத்துத் தோற்கலாமா?
- ஒரு அப்பா

பதில்: எப்போதாவது சரி, எப்போதும் வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நாளைக்கு இரண்டு பேரும் ஒரே கட்சியாக ஆடுங்கள். பரமபதத்தில் ஒரே காய், இருவரும் மாறி மாறி உருட்டி, முப்பது உருட்டுக்குள் மேலே சேர்க்க வேண்டும். பாம்பு கடித்தால் இரண்டு பேரையும்தான் கடிக்கும்.

கேள்வி: அட்டைகள் சீக்கிரம் கிழிகின்றன, லேமினேஷன் செய்யட்டுமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம். என் மகனுக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்து அழகாக வண்ணம் தீட்டி ஒரு செட் செய்தேன். கசங்கிவிடும் என்று நானே அதை அலமாரி மேல் வைத்துவிட்டேன், அவன் அதில் ஆடவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகள் கெட்டியாக இருக்கும், அவற்றில் எழுதுங்கள். கிழிந்த அட்டையை உங்கள் பிள்ளையையே திரும்ப எழுதச் சொல்லுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.