பின்பக்க டர்போவும் நின்றுபோன என்ஜினும்: கராஜ் பொறுப்பேற்க வேண்டுமா?

கேள்வி: தலவாக்கலையில் இருக்கிறேன். நுவரெலியாவில் மரக்கறி மொத்தக் கடையொன்றில் வேலை. லீசிங்கில் எடுத்த 1500 சிசி ஜப்பான் கார் லிந்துலை தாண்டினால் ஏற மறுக்கிறது என்று ஒரு கராஜில் சொன்னேன். என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிப் பலம் கூட்டும் டர்போ ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் பழையதாக வாங்கி, காரின் பின்பக்கம், சைலன்சர் இருந்த இடத்தில் பூட்டித் தந்தார்கள். 340,000 ரூபா கொடுத்தேன். பத்து வாரம் ஆகிறது. போன வாரம் ராதல்லவுக்குக் கிட்ட புகை தள்ளி, ஒயில் விளக்கு எரிந்தது. நானுஓயாவுக்கு வந்து சேர்வதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. "பழைய சாமானுக்கு உத்தரவாதம் இல்லை. வேண்டுமென்றால் வேறு என்ஜின் போட்டுத் தருகிறேன், பாதிக் காசு கொடு" என்கிறார் கராஜ்காரர். நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. அந்தக் காரில் யாரும் கைவைக்கக் கூடாது. கராஜ்காரர் இலவசமாகக் கழற்றித் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். உங்கள் வழக்கு முழுவதும் இப்போது அந்தக் காரின் அடியில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டர்போவுக்குப் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு மின்சாரப் பம்ப் தெரிகிறது. அதற்குப் போகும் சிவப்பு வயர் நடுவில் முறுக்கி டேப் சுற்றப்பட்டிருக்கிறது. டேப் பாதி கழன்று சேறு படிந்திருக்கிறது. அந்தப் பம்ப் எதற்கு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சட்டம் கேட்கப்போகும் கேள்வியும் அதுதான்.

வழக்கமாக டர்போ என்ஜினோடு ஒட்டி, ஒயில் சம்புக்கு, அதாவது என்ஜினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டிக்கு, மேலே இருக்கும். அதற்குள் போகும் ஒயில் தன் பாரத்தாலேயே கீழே இறங்கி சம்புக்குத் திரும்பிவிடும். பின்பக்கம் பூட்டினால் டர்போ என்ஜினை விடத் தாழ்வாக, பல அடி தள்ளி இருக்கிறது. ஒயில் தானாகத் திரும்பாது, பம்ப் இழுத்துத்தான் அனுப்ப வேண்டும். பம்ப் நின்றால் ஒயில் டர்போவில் தேங்கி, கசிவைத் தடுக்கும் சீலைத் தாண்டி, புகைபோக்கி வழியாகப் புகையாகப் போகும். என்ஜினோ ஒயில் வற்றிச் சிக்கிக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது இந்த வரிசைதான்: முதலில் புகை, பிறகு விளக்கு, பிறகு என்ஜின்.

உங்கள் ஆசையில் தவறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். பின்பக்கம் பூட்டுவதிலும் நன்மை உண்டு. பொனட்டுக்குள் இடம் தேட வேண்டாம், அங்கே சூடும் ஏறாது, முன்னால் போகும் நீளமான குழாயில் காற்றும் கொஞ்சம் ஆறிவிடும். ஆனால் அதே நீளத்தால், மிதித்த பிறகு இழுவை வரத் தாமதமாகும். காற்று வடிகட்டி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தோட்டப் பாதையின் கல்லும் மழைத் தண்ணீரும் நேரே அதில்தான் அடிக்கும். வளைவும் மழையும் உள்ள நம் பாதைக்கு இது பொருந்தாத வேலை என்பதே என் எண்ணம். அதைப் பூட்டுவதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர் கராஜ்காரர்.

இனி சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதத்தைத் தனியாக எழுதத் தேவையில்லை, ஒப்பந்தத்திலேயே அது அடங்கியிருக்கிறது. ஆகவே "பழைய சாமான்" என்ற பதில் டர்போவுக்கு ஓரளவு பொருந்தலாம், வயரை முறுக்கி டேப் சுற்றியதற்குப் பொருந்தாது. பழுதானது சாமானா, பூட்டிய வேலையா என்பதில்தான் இந்த வழக்கு நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் முறைப்பாடு செய்ய, சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். பத்து வாரம் போய்விட்டது. இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. விசாரித்தபின் நஷ்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ அதிகார சபை உத்தரவிடலாம்.

அது பலிக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தமானால் ஆறு வருடம் என்று 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. உங்களிடம் இருப்பது கொப்பித் தாளில் "டர்போ வேலை 340,000" என்ற ஒரு வரி. அதை நம்பி ஆறு வருடம் என்று எண்ணாதீர்கள், மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொகை சிறியதாக இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும்.

தாளை விடப் பலமான சாட்சி உங்கள் போனில் இருக்கிறது. "ஒரு வருசத்துக்குக் கையே வைக்கத் தேவையில்ல தம்பி" என்று கராஜ்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்ற வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இப்படிப்பட்ட பதிவுகளைச் சாட்சியமாகக் கொண்டுவர வழி செய்கிறது. அப்புறம், கராஜோடு சம்பந்தமில்லாத, தகுதியுள்ள ஒரு வாகனப் பொறியியலாளரைக் கொண்டு காரைச் சோதித்து, கையொப்பமிட்ட அறிக்கை எடுங்கள். கழற்றும்போது வீடியோ எடுங்கள். பம்பையும் வயரையும் பொலித்தீன் பையில் கட்டி வீட்டில் வையுங்கள். அதன்பிறகு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போகட்டும்.

உங்களுக்கு எதிரான இடத்தையும் மறைக்க மாட்டேன். விளக்கு எரிந்தபிறகும் நானுஓயா வரை ஓட்டப் பார்த்திருக்கிறீர்கள். உடனே நிறுத்தியிருந்தால் என்ஜின் தப்பியிருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதற்கு வலு உண்டு. என்ஜின் செலவு முழுவதும் கிடைக்காமல் போகலாம். டர்போ வேலைக்குக் கொடுத்த காசை அந்த வாதம் அவ்வளவாகத் தொடாது. அந்த இரவு மழையும் இருட்டும், நிறுத்த இடமில்லாத வளைவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நேரத்தோடும் இடத்தோடும் இப்போதே எழுதி வையுங்கள்.

"வேறு என்ஜின்" பேச்சுக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். என்ஜின் மாறினால் என்ஜின் இலக்கமும் மாறும். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் காரில் இல்லையென்றால் பொலிசாரிடமும் விற்கும்போதும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், கராஜ்காரர் அல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். லீசிங் முடியும்வரை காரின் உரிமை கம்பனியிடம் என்பதால் அவர்கள் சம்மதமும் வேண்டும். பழைய என்ஜினைத் திருத்த முடியுமா என்று பொறியியலாளரிடம் முதலில் கேளுங்கள்.

லீசிங் ஒப்பந்தத்தை எடுத்து, கம்பனியைக் கேட்காமல் மாற்றம் செய்யக் கூடாது என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். கார் ஓடவில்லை என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் காரையே தூக்கிவிடுவார்கள், சாட்சியமும் அதோடு போய்விடும். முழுக் காப்புறுதி இருந்தாலும் இப்படி என்ஜின் பழுதாவதற்கு அது பொதுவாகப் பணம் தராது. ஆனால் டர்போ பூட்டியதைச் சொல்லாமல் தொடர்ந்து ஓட்டி நாளை ஒரு விபத்து நடந்தால், அதையே காரணம் காட்டி உங்கள் காருக்கான கோரிக்கையை மறுக்க இடம் உண்டு. கார் திரும்ப ஓடும்போது சைலன்சரைப் பழைய இடத்தில் பூட்டுங்கள். புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள், வாசித்துத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.