ஏழு சீட் எஸ்யூவி: கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

கேள்வி: வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன், அப்புறம் என் அப்பா, அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. ஃபார்ச்சூனர், எவரெஸ்ட் மாதிரி உயரமான வண்டியா, ஹைலாண்டர், பாலிசேட் மாதிரி வண்டியா என்று குழப்பம். ஓட்டிப் பார்த்தோம், எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

பதில்: முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் இந்த ரகத்தில் எல்லா வண்டியுமே நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரியும் இடம் பின்னால். அங்கே யாராவது உட்கார்ந்து பார்த்தீர்களா?

நீங்கள் சொன்ன நாலும் இரண்டு தனி ஜாதி. ஃபார்ச்சூனருக்கு ஹைலக்ஸ் பிக்கப்பின் அடித்தளம், எவரெஸ்டுக்கு ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளம். இரண்டுமே லேடர் ஃபிரேம் வண்டிகள். கனமான இரும்புச் சட்டம் கீழே, அதன் மேல் தனியாக பாடி. மோசமான பாதைக்கும் எடை இழுப்பதற்கும் அது பலம். ஆனால் சட்டத்துக்கு மேலே தளம் வருவதால் ஏறும் உயரம் கூடுகிறது. பின்பக்கம் அச்சுக்கும் இடம் விட வேண்டும், அதனால் மூன்றாம் வரிசையில் தரைக்கும் சீட்டுக்கும் இடையே உயரம் குறைந்துபோகிறது. ஹைலாண்டர், பாலிசேட், பாலிசேட்டின் உடன்பிறப்பான டெல்லுரைட் எல்லாம் மோனோகாக், அதாவது காரைப் போல ஒரே கூடாகக் கட்டியவை. ஏறி இறங்குவது சுலபம், தார் ரோட்டில் அலுங்காமல் போகும். உங்கள் பயணம் பெரும்பாலும் நல்ல சாலையில்தான் என்றால், அம்மாவின் மூட்டுக்காகவே நான் இரண்டாவது ரகத்தைச் சொல்வேன்.

சரி, அந்த ரகத்துக்குள் எதை எடுப்பது? ஆறு பேரும் ஷோரூமுக்குப் போங்கள். குழந்தை சீட்டையும் எடுத்துப் போங்கள், இது ரொம்ப முக்கியம். ஓட்டுபவர் தன் வசதிக்கு சீட்டை வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பின்னால் அப்பாவை உட்காரவைத்து, முழங்கால் இடிக்காத அளவுக்கு மட்டும் இடம் விட்டு இரண்டாம் வரிசையை முன்னால் தள்ளுங்கள். இப்போது மிச்சம் இருப்பதுதான் மூன்றாம் வரிசையின் உண்மையான இடம். விற்பனையாளர் காட்டும்போது இரண்டாம் வரிசையை முழுக்க முன்னால் தள்ளித்தான் காட்டுவார். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அங்கே நீங்களே போய் உட்காருங்கள். தொடை சீட்டில் படிகிறதா, முழங்கால் மார்புக்கு வருகிறதா? தொடை அந்தரத்தில் நின்றால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி? ஏசி காற்று அங்கே வருகிறதா? அப்புறம் யாருடைய உதவியும் இல்லாமல் வெளியே வந்து பாருங்கள்.

அடுத்து மகனின் சீட்டை இரண்டாம் வரிசை ஓரத்தில் மாட்டுங்கள். பல வண்டிகளில் குழந்தை சீட் மாட்டிய பிறகு அந்தப் பக்கத்து இருக்கையை மடித்து வழி விட முடியாது. மூன்றாம் வரிசைக்கு மறுபக்கம் மட்டும்தான் வழி. அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்தால், மகள் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் அம்மா இறங்கி ஏற வேண்டும்! நடுவில் நடந்துபோக வழி விடும் கேப்டன் சீட் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அதில் இரண்டாம் வரிசையில் இருவர்தான், உங்கள் வீட்டில் அப்பாவும் பின்னால் போக வேண்டிவரும். என் கருத்து, உங்களுக்கு பெஞ்ச் சீட்தான். இரண்டாம் வரிசையில் அப்பா, அம்மா, பேரன். பின்னால் மகள். அம்மாவைக் குழந்தை சீட் இருக்கும் பக்கமும், அப்பாவை வழி இருக்கும் பக்கமும் உட்காரவையுங்கள். இதற்கு நடு சீட்டின் அகலம் போதுமா என்று அங்கேயே மூவரையும் உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் நடு சீட் பெயருக்குத்தான் சீட். முந்தைய தலைமுறை பெஜோ 5008 போல இரண்டாம் வரிசையில் மூன்று தனித்தனி சீட், மூன்றிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி) என்று கொடுப்பவை குறைவு.

கடைசியாக, மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டு டிக்கியைத் திறங்கள். ஊருக்குப் போகும் பெட்டிகள் அதில் போகாது என்றால் கூரைக்குத்தான் போக வேண்டும். கூரை தாங்கும் எடை பல வண்டிகளில் 75 முதல் 100 கிலோதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆறு பேர் தினமும் போகும் குடும்பத்துக்கு சியன்னா, கார்னிவல் போன்ற மினிவேன் எந்த எஸ்யூவியையும் விட வசதி. தாழ்ந்த தளம், சறுக்கித் திறக்கும் கதவு, நிஜமான மூன்றாம் வரிசை. தோற்றம் பிடிக்கவில்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அம்மாவை ஒரு தடவை அதில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஏழு சீட் என்றால் ஏழு பேரும் சாமானும் தாராளமாக ஏற்றலாம்தானே?

பதில்: சீட் எண்ணிக்கை வேறு, எடைக் கணக்கு வேறு. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழியுங்கள். உதாரணமாக 2,600 கிலோவில் 2,000 போனால் 600. ஆளுக்கு 70 கிலோ வீதம் ஏழு பெரியவர்கள் 490. மிச்சம் 110 கிலோவில்தான் பெட்டி, தண்ணீர், கூரைக் கேரியர் எல்லாம். டிரெய்லர் இழுத்தால் அது கொக்கியை அழுத்தும் எடையும் இதில் சேரும். சொந்த எடையில் 75 கிலோ ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு, எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இடத்திலேயே டயர் காற்றழுத்தமும் எழுதியிருக்கும். இரண்டு அளவு இருந்தால் ஒன்று சாதாரண நாளுக்கு, மற்றது முழுச் சுமைக்கு. ஊருக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போதே இரண்டாவது அளவுக்கு அடித்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார். இந்த மூன்றும் இருந்தால் பாதுகாப்புதான் என்கிறார் என் கணவர். சரியா?

பதில்: பாதி சரி. நாலு சக்கர இழுவை சேற்றிலும் பனியிலும் கிளம்ப உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் தூரம் குறையாது. அங்கே பேசுவது டயரும் வண்டியின் எடையும்தான். உயரமான வண்டி திடீரென வளைக்கும்போது நிலை தடுமாறாமல் காப்பது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லை என்றால், அது இல்லாத மாடலைத் தொடாதீர்கள்.

ஸ்டார் பார்க்கும்போது எந்த வருடத்துச் சோதனை என்றும் பாருங்கள். விதிகள் இறுகிக்கொண்டே போகின்றன, பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. சோதனைப் பொம்மைகள் முன் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும்தான் உட்காருகின்றன. மூன்றாம் வரிசையை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் அதுவரை நீள்கிறதா, ஹெட்ரெஸ்ட் பெரியவர் தலை உயரத்துக்கு வருகிறதா?

அப்புறம், பாதுகாப்பு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. பானெட் உயரம் சுமார் ஒரு மீட்டரைத் தாண்டிய வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளை விடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் 2023-ல் சொன்னது. பானெட்டுக்கு முன்னால் உங்கள் சின்னப் பிள்ளையை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் சீட்டிலிருந்து பாருங்கள். தலை தெரியவில்லையா? முன் கேமராவை விருப்பச் சேர்ப்பாக நினைக்காதீர்கள், வாங்கியே ஆக வேண்டும்.

கேள்வி: டீசலா, ஹைபிரிடா, மின்சாரமா?

பதில்: தினமும் பள்ளி, கடை என்று குட்டிக் குட்டி ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம். புதிய டீசல்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிய நல்ல சூடு வேண்டும், நெடுஞ்சாலை ஓட்டத்தில்தான் அது ஒழுங்காக நடக்கும். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். நகரத்தில் நின்று நின்று போகும் குடும்பத்துக்கு ஹைபிரிட் நல்ல நடுவழி. வெளியே சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட் வகையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சிலவற்றில் மூன்றாம் வரிசையே கிடையாது, புதிய ஸ்கோடா கோடியாக்கின் பிளக்-இன் மாடல் போல. மின்சாரத்தில் கியா இவி9 மாதிரி முழு அளவு மூன்று வரிசை வண்டி வந்துவிட்டது. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் தாராளமாகப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஏழு சீட் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இந்த ரகத்தில் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பின் ஏசியை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். முன்னால் ஜில்லென்று இருந்துவிட்டு பின்னால் வெறும் காற்று வந்தால், பின்பக்கத்துக்குப் போகும் குழாய்வரை பார்க்க வேண்டியிருக்கும், சின்ன வேலை இல்லை. மூன்றாம் வரிசையை நாலைந்து முறை மடித்து நிமிர்த்துங்கள், பெல்ட்டுகளை முழுக்க இழுத்துப் பாருங்கள். இழுவைக் கொக்கி இருந்தாலோ, கழற்றிய தடம் இருந்தாலோ என்ன இழுத்தார்கள் என்று கேளுங்கள். கியர்பாக்ஸும் பிரேக்கும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ன் 23-வது வாரம் செய்தது. இந்த வண்டிகளின் டயர் பெரியது, விலையும் பெரியது. நாலும் பழசாக இருந்தால், நாலு புது டயரின் விலையைச் சொல்லி அங்கேயே பேரத்தை ஆரம்பியுங்கள்.