வாசலில் ஒரு வால்: ஒன்பது வயதில் ஒரு புது வீடு

செல்லப்பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சேலம் கோரிமேட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 67. அஸ்தம்பட்டியில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஓர் அம்மா, கைவிடப்பட்ட நாய்களை வேறு வீடு கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் ஒன்பது வயதுப் பெண் பொமரேனியன் ஒன்று இருக்கிறது. வளர்த்தவர்கள் வெளிநாடு போய்விட்டார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகளோ, "வாங்கினால் குட்டியாக வாங்குங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். இரண்டு வருடத்தில் அது செத்துப்போனால் உங்களை யார் தேற்றுவது?" என்கிறாள். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மகளின் கணக்கை முதலில் திருத்திவிடுகிறேன் அம்மா. சிறிய இன நாய்கள் 13, 14 வயதுவரை இருப்பது சாதாரணம். பதினாறைத் தொட்டவையும் என் மேசை மேல் நின்று என்னைப் பார்த்து உறுமியிருக்கின்றன. குட்டி வாங்கினால், அது கிழமாகும்போது உங்களுக்கு 76, உங்கள் வீட்டுக்காரருக்கு 81. அப்போது அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது யார்? குட்டி வாங்கச் சொல்கிறவர்கள் யாரும் விடியற்காலை மூன்று மணிக்கு அதைச் சிறுநீர் கழிக்கக் கீழே கொண்டுபோக வருவதில்லை. பெங்களூரிலிருந்து நிச்சயமாக வரமாட்டார்கள்.

நான் பெரும்பாலும் மாட்டு டாக்டர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கியது. அதன் ஆரம்பகால மாணவிகளில் ஒருத்தி நான். பணிக்காலம் முழுக்கக் கறவை மாடும் வெள்ளாடும்தான். நாயைப் பற்றி எனக்குப் பாதி பாடம் சொல்லிக்கொடுத்தது, ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு வந்த ஒரு டாஷ்ஹண்ட் கிழவன். கன்னங்குறிச்சியில் அவனைத் தற்காலிகமாக வைத்திருந்த அம்மா 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார். அதையே நானும் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா என்னிடம் சொன்ன விவரங்களை எந்த நாய் வியாபாரியும் சொல்லியிருக்க மாட்டான். "பெரியவருக்கு ஹெல்மெட் போட்ட ஆண்களைக் கண்டால் ஆகாது. குக்கர் விசில் அடித்தால் பீரோவுக்கு அடியில் போய்விடுவார். தட்டில் கை வைத்தால் கடிக்க மாட்டார், ஆனால் வாயில் இருப்பதைப் பிடுங்கினால் கடிப்பார்." மூன்றும் அப்படியே உண்மை. மூன்றாவதை நான் நேரில் சோதித்துப் பார்த்தேன், சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வயதான நாயை இப்படி ஒரு வீட்டிலிருந்து எடுப்பதில் இருக்கும் பெரிய லாபம் இதுதான். குட்டி என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது. இது ஏற்கெனவே வளர்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரும் இருக்கிறார். ஆனால் எல்லாரும் அவரிடம் போய்க் கேட்பது "என்ன வயது? சாதுவா?" என்ற இரண்டே கேள்வி. வயதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குட்டிக்குப் பல் முளைப்பதை வைத்துச் சொல்லலாம், பெரிய நாய்க்குப் பல்லைப் பார்த்துச் சொல்வதெல்லாம் உத்தேசம்தான். சாதுவா என்று கேட்டால் 'சாது' என்றுதான் பதில் வரும். நீங்கள் இரவைப் பற்றிக் கேளுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறது? இருமுகிறதா? தண்ணீர்க் கிண்ணம் காலையில் காலியாகிவிடுகிறதா? தனியாக விட்டால் எவ்வளவு நேரம் அழும்? படி ஏறுமா, ஏறிவிட்டு ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நடக்குமா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வியாதி இருக்கலாம்.

இருமலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிறிய இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்குக் கசிவது மிகச் சாதாரணம். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து, வாத்து கத்துவதுபோல இருமுவதும் உண்டு. அதனால் கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள், மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள். அடுத்த முறை ஏற்காடு போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அது நன்றாக அசந்து தூங்கும்வரை காத்திருந்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விலாவையே பாருங்கள். ஒரு ஏற்றம் ஒரு இறக்கம் சேர்ந்தால் ஒரு மூச்சு. ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நல்லது. தூக்கத்திலும் தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் எடுப்பதற்கு முன்பே ஒரு மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கட்டும். இதய நோய் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மாத்திரையோடு வருடக்கணக்கில் நன்றாக இருக்கும் நாய்கள் உண்டு. தெரிந்து எடுப்பது வேறு, எடுத்த பிறகு தெரிவது வேறு, அவ்வளவுதான்.

மேலுதட்டைத் தூக்கிக் கடைவாயைப் பாருங்கள். பழுப்புக் கல் படிந்து, ஈறு சிவந்து, வாய் நாறினால் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டி வரும். அதற்கு முன் சிறுநீரகம், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தேவை. சில ஆயிரங்கள் செலவாகும், இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் நீலம் பூத்தாற்போல் இருந்தால் பயப்பட வேண்டாம். அநேகமாக வயதில் லென்ஸ் இறுகுவதால் வருவது அது, கண்புரை இல்லை, பார்வை பெரும்பாலும் இருக்கும். பெண் நாய் என்பதால் கருத்தடை ஆகியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஆகாத கிழட்டுப் பெண் நாய்களுக்குப் பருவம் வந்துபோன சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் பொமரேனியன் என்று அழைப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். பெயரில் ஒன்றுமில்லை, முடியில்தான் விஷயம் இருக்கிறது. ஏற்காட்டுக் குளிரில் அந்தக் கம்பளியோடு சுகமாக இருந்த பிராணியைச் சேலத்து ஏப்ரல் வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே கொண்டுவந்து வைக்கிறீர்கள். காத்திருக்க முடிந்தால் மழை தொடங்கிய பிறகு கூட்டி வாருங்கள். முடியாதென்றால் விடியற்காலையில் கிளம்புங்கள். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே தீனி வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு, மனிதர்களே பாலிதீன் பையோடு உட்கார்ந்திருக்கும் பாதை. முடியை மொட்டையாக மழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், வெயில் நேராகத் தோலில் படும். சிவப்புத் தரையும் மின்விசிறியும் போதும்.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி, யார் தேற்றுவது என்பது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பெரியவர் என்னோடு இருந்தது நான்கு வருடமும் சில மாதங்களும். நடுவில் ஒரு மே மாதத்தில், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நான், குண்டு மாம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டேன். அவர் அதை விழுங்கி, குடல் அடைத்து, நான் படித்த கல்லூரிக்கே தூக்கிக்கொண்டு ஓடி அறுவை செய்ய வேண்டியதாயிற்று. என் பழைய சகா ஒருவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பரவாயில்லை. பெரியவர் போனபோது அழுதேன். அடுத்த மாதம் கன்னங்குறிச்சிக்குப் போன் செய்து வேறு பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று நான்தான் கேட்டேன்.

போய்க் கூட்டி வாருங்கள் அம்மா. மகள் தீபாவளிக்கு வருவாள் அல்லவா, அப்போது வெடிச் சத்தத்துக்கு நாய் யார் மடிக்கு அடியில் போய் ஒளிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பத்து வயது நாய் ஒன்றைத் தத்தெடுத்து எட்டு நாட்கள் ஆகின்றன. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் இருக்கும்போது சாப்பிடுவதில்லை, இரவில் தட்டு காலியாகிறது. எங்களைப் பிடிக்கவில்லையா?
- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: எட்டு நாளில் உங்களுக்கு மட்டும் யாரைப் பிடித்திருக்கிறது தம்பி? இரவில் தின்கிறது என்றால் பாதிக் கவலை போயிற்று. இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாமல் இருந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் மூன்று, மூன்று, மூன்று என்பார்கள். மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டின் நேரங்கள் பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். கிழட்டு நாய்க்கு இதைவிடக் கூடவும் ஆகும். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இழுக்காதீர்கள், குழந்தைகளையும் அங்கே குனியவிடாதீர்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், உங்கள் வேலையைப் பாருங்கள்.

பட்டறைச் சத்தத்துக்குப் பழகிவிடும். திராவகத்துக்குப் பழகாது. மெருகு போடும் அறைக்கு இன்றைக்கே ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். தீனி விஷயத்தில், அது முன்பு இருந்த வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வழக்கத்துக்கு மாற்றுங்கள். கெஞ்சுகிறதே என்று மாலையில் தட்டுவடை செட்டை நீட்டிவிடாதீர்கள். அதிலுள்ள வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். உலர்திராட்சை, சாக்லேட் இரண்டும் அப்படியே விஷம். மூட்டு வலியில் நொண்டினாலும் உங்கள் பாட்டியின் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். பாதி மாத்திரையிலேயே வயிறும் சிறுநீரகமும் கெட்டுப்போன சின்ன நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிழட்டு நாய்க்கெல்லாம் தத்தெடுப்புக் கட்டணம் கேட்கிறார்களே, நியாயமா?
- அம்மாபேட்டை வாசகர்

பதில்: வெறிநாய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை. நீங்களே தனித்தனியாகச் செய்து பில்லைக் கூட்டிப் பாருங்கள், அந்தக் கட்டணம் எவ்வளவு குறைவு என்று புரியும். ரசீதும் தடுப்பூசி அட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காதவரிடம் எடுக்காதீர்கள்.

கேள்வி: நாகலூரில் எங்கள் வீட்டில் ஆறு மாதமாக வைத்திருந்த பன்னிரண்டு வயது நாய்க்குச் சேலத்தில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் அனுப்ப வேண்டும். மனம் வரவில்லை. அதோடு என்னென்ன கொடுத்தனுப்புவது?
- பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: அது படுத்த போர்வையைக் கொடுங்கள், துவைக்காமல். துவைத்து மடித்து, சோப்பு மணக்கக் கொடுத்தால் உங்களுக்குத்தான் கௌரவம், அதற்கு ஒன்றும் இல்லை. பத்து நாளுக்கான தீனி, மாத்திரை இருந்தால் வேளை எழுதிய தாள். நீங்கள் எந்தச் சொல்லால் கூப்பிட்டால் வருமோ, எந்தச் சொல்லுக்கு உட்காருமோ, அந்தச் சொற்களை அப்படியே எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் புதுப்பெயர் கற்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பசி தாகத்தில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தைவிட உங்கள் போன் நம்பர் வேகமாக உதவும்.

முதல் இரண்டு வாரம் பார்க்கப் போகாதீர்கள். வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று அழவும் வேண்டாம், நாய் குழம்பிவிடும். அழுவதென்றால் முந்தின நாள் இரவே அழுதுகொள்ளுங்கள். பெரியவரை என்னிடம் ஒப்படைத்த அம்மா, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, "இருங்கள், அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன்" என்று உள்ளே போனவர்தான். நான் காரைத் திருப்பித் தெருமுனைக்கு வரும்வரை உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.